என் பெயரில் ஒரு வேலையிழப்பு

2021 ஜனவரியில் என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அமெரிக்காவில் எங்கள் வீட்டுக்கு வரும் தபால்களில் பெரும்பாலும் கணவரின் பெயர்தான் இருக்கும். பிரித்தால், 1099-ஜி படிவம். முந்தைய ஆண்டு நான் 7,600 டாலர் வேலையிழப்பு உதவித்தொகை வாங்கியிருக்கிறேனாம். அதற்கு வரி உண்டாம்.

"நீ அப்ளை பண்ணினியா?" என்றார் கணவர். கோபமில்லை, பயம். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு எந்தக் காகிதமும் பயம்தான். ஆனாலும் முதல் கேள்வி என்னிடம்தான் வந்தது.

நான் வேலை இழந்தவள்தான். ஹெச்-4 விசாவில் வந்த மனைவிகளில் ஒரு பகுதியினருக்கு 2015இல்தான் வேலை செய்யும் அனுமதி கிடைத்தது. 2019இல் விசா நீட்டிப்புக்குக் கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். புதுப்பித்தல் மாதக்கணக்கில் இழுத்தது. 2020 அக்டோபரில் என் அட்டை காலாவதியானது, வேலை போனது. வேலை செய்ய அனுமதி இல்லாதவருக்கு உதவித்தொகையும் கிடையாது. ஆனால் நான் வேலையில் இருந்த மே, ஜூன் மாதங்களில் யாரோ என் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொடுத்து, வாரம் 600 டாலர் கொரோனா கூடுதல் தொகையையும் சேர்த்து, எட்டு வாரம் வாங்கியிருந்தார்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருந்தன. மாநில அலுவலகத்தில் மோசடிப் புகார் கொடுத்துத் திருத்திய படிவம் கேட்க வேண்டும். வரிக் கணக்கில் உண்மையான வருமானத்தை மட்டும் காட்ட வேண்டும். மத்திய வர்த்தக ஆணையத்தின் அடையாளத் திருட்டுத் தளத்தில் பதிய வேண்டும். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் கடன் அறிக்கையை முடக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

நான் சிக்கிக்கொண்டது வேறிடத்தில். நீங்கள்தானா என்று சோதிக்கப் பழைய கடன்களைப் பற்றிக் கேட்டார்கள். என் பெயரில் கடனே இல்லை. கார், வீடு எல்லாம் அவர் பெயரில். என் கிரெடிட் கார்டு அவருடையதன் துணை அட்டை. வங்கியின் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். மீட்டிங் முடிந்து அவர் வரும்வரை கதவுக்கு வெளியே காத்திருந்தேன். திருடியவருக்கு ஒன்பது இலக்கம் போதுமாக இருந்தது. நான்தான் நான் என்று சொல்ல எனக்குக் கணவரின் போன் தேவைப்பட்டது.

அந்த வாரமே வங்கியில் என் எண்ணைச் சேர்த்தேன். சிறிய வரம்புள்ள கார்டு ஒன்றை என் பெயரில் வாங்கினேன். அந்த ஜனவரியில்தான் எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்த வரித்துறையின் ஆறு இலக்க அடையாள எண்ணை நானே பதிந்து பெற்றேன். தோழிகளிடம் இதையெல்லாம் சொன்னபோது, தங்கள் வங்கிக் கணக்கில் யாருடைய எண் இருக்கிறது என்று பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஏப்ரலில் திருத்திய படிவம் வந்தது. பெற்ற தொகை: பூஜ்யம். வேலை அனுமதி அப்போதும் வரவில்லை.