ஜப்பானுக்கு அடாப்டர் மட்டும் போதாது

ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் நம் குடும்பங்கள் இப்போது அதிகம். விமான டிக்கெட், தங்கும் விடுதி, குளிர்ச்சட்டை என்று பட்டியல் போடும்போது கடைசி வரியில் ‘அடாப்டர்’ என்று எழுதிக்கொள்வோம். ஹார்ட்வேர் கடையில் ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டால் மின்சார விஷயம் முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். சென்ற ஆண்டு அம்மாவுடன் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் எட்டு நாள் பயணம் போனபோது, அதற்கு மேலும் பார்க்க வேண்டியது இருந்தது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் பயன்படுத்துவது பிரிட்டனில் 1947இல் தரம் வகுக்கப்பட்ட மூன்று முனை பிளக். மேலே இருக்கும் நீளமான முனை ‘எர்த்’. அது முதலில் உள்ளே போனால்தான் மற்ற இரு துளைகளின் மூடி திறக்கும். குழந்தை கம்பியை விட்டு நோண்டினாலும் ஆபத்து வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பிளக்குக்குள் ஃபியூஸும் உண்டு.

ஜப்பானில் இரண்டு தட்டையான முனைகள்தான். பெரும்பாலான அறைச் சுவர்களில் எர்த் துளையே இருக்காது. சலவை இயந்திரம், மைக்ரோவேவ் போன்றவற்றுக்குப் பச்சை நிற எர்த் வயர் தனியாக வரும்; அதைச் சாக்கெட்டின் அடியில் முடுக்கிவிடுகிறார்கள். நம் பிளக்கை அங்கே சொருக அடாப்டர் அவசியம். ஆனால் அடாப்டர் மாற்றுவது முனையின் வடிவத்தை மட்டுமே. மின்சாரத்தை அது மாற்றாது.

நம் ஊரில் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். கைபேசி சார்ஜரிலும் மடிக்கணினி சார்ஜரிலும் பொடி எழுத்தில் ‘இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் கவலையில்லை, அடாப்டர் போதும். ‘230 வோல்ட்’ அல்லது ‘220-240 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் அந்தப் பொருளை வீட்டிலேயே விட்டுவிடலாம். 2,000 வாட் கேத்தலை அங்கே சொருகினால் 400 வாட் சூடுகூட வராது. மின்னழுத்தம் பாதிக்கும் கீழே குறையும்போது, சூடு ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே போய்விடுகிறது. இங்கே மூன்று நிமிடத்தில் கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

கேத்தல் கொதிக்காவிட்டால் மைலோ தாமதமாகும், அவ்வளவுதான். எனக்குக் கவலை கொடுத்தது அம்மாவின் நெபுலைசர். அம்மாவுக்கு ஆஸ்துமா, குளிர் பட்டால் நள்ளிரவில் மூச்சு இழுக்கும். வீட்டில் இருக்கும் இயந்திரம் மோட்டாரில் ஓடுவது. அதன் அடியில் ‘230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. ஜப்பானில் அடாப்டர் வழியாகச் சொருகினால் மோட்டார் முனகும். மருந்தைப் புகையாக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் வராது. மொழி தெரியாத ஊரில் இரவு இரண்டு மணிக்கு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

மின்னழுத்தத்தை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தூக்கிப் போகலாம், ஆனால் செங்கல் கனம் இருக்கும். கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டோம். அம்மாவின் மருந்துக்குப் பொருந்தும் என்று உறுதி செய்துகொண்டு, உள்ளே பேட்டரி உள்ள கையடக்க நெபுலைசரை வாங்கச் சொன்னார். கைபேசி சார்ஜரிலேயே அதற்கும் சார்ஜ் ஏற்றலாம். விமானத்தில் அதையும் பவர் பேங்கையும் கைப்பையில் வைத்துக்கொண்டோம். தோக்கியோவில் மூன்றாம் இரவு அம்மாவுக்கு இழுத்தது. பத்து நிமிடத்தில் அடங்கி, மறுநாள் காலை அசாகுசா கோயிலுக்கு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென் ரயிலில் போனோம். ஷின்-ஃபுஜி நிலையத்தைத் தாண்டியதும் ரயில் ஃபுஜி ஆற்றைக் கடக்கிறது. வலப்பக்கம் ஃபுஜி மலை தெரிய, எல்லாரும் கைபேசியை நீட்டுகிறார்கள். ஜப்பானின் மின்சாரம் இரண்டாகப் பிரிவதும் அந்த ஆற்றை ஒட்டித்தான். கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ். 1890களில் தோக்கியோ ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்திடமும், ஒசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடமும் மின்னாக்கிகள் வாங்கின. அன்று தொடங்கிய பிரிவு இன்றும் மாறவில்லை. நாங்கள் போன ரயில் தடம் முழுவதும் 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது; அதற்காகக் கிழக்குப் பகுதியில் அதிர்வெண்ணை மாற்றும் நிலையங்கள் வைத்திருக்கிறார்கள்.

2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பின் ஃபுக்குஷிமா அணுமின் நிலையம் முடங்கியபோது, தோக்கியோ வட்டாரத்தில் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். மேற்கே மின்சாரம் இருந்தும், இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 10 லட்சம் கிலோவாட் அளவுக்கே மாற்றி அனுப்ப முடிந்தது. 2021இல் அந்த அளவு 21 லட்சமாக உயர்த்தப்பட்டது. சுற்றுலாப் பயணிக்கு இதனால் பெரிய சிரமம் இல்லை. சார்ஜர்கள் இரண்டையும் ஏற்கும். மோட்டாரில் ஓடும் சில பொருள்களில்தான் வேகம் மாறும்.

ஒசாகாவின் நிப்பொன்பாஷியில் மின்சாதனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ரைஸ் குக்கரைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். உள்ளூருக்கான 100 வோல்ட் குக்கரை நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால், சூடேற்றும் கம்பி ஐந்து மடங்குக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும். சோறு வேகும் முன் குக்கர் கருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். வெளிநாட்டவருக்கென்று 220-230 வோல்ட் மாடல்களைச் சில கடைகள் தனியாக வைத்திருக்கின்றன. விலை சற்று அதிகமானாலும் வாங்க வேண்டியது அதைத்தான்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் நெபுலைசரோ, தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் இயந்திரமோ பயன்படுத்தினால், டிக்கெட் போட்ட வாரமே அதைத் திருப்பி அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். மாற்று தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்கவும், வாங்கவும், வீட்டில் இரண்டு மூன்று இரவு பயன்படுத்திப் பழகவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.