அம்பிகையின் சந்நிதியில் வாஸ்கோடகாமா

கோழிக்கோட்டிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே 16 கிலோமீட்டர் அளவில் சென்றால் காப்பாடு என்னும் சிற்றூர் வருகிறது. தென்னந்தோப்பு, மணல்வெளி, அலை மோதும் பாறைகள். வழியோரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோடகாமா இங்கே வந்திறங்கினார் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வந்திறங்கிய அந்த மாலுமிகள் இந்த மண்ணில் முதலில் கைகூப்பி நின்ற இடம் ஓர் அம்பிகையின் சந்நிதி என்பதை அந்தக் கல் சொல்லவில்லை.

காமாவின் கப்பலில் வந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பின் பிரதி போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகர நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கோயிலுக்குப் போன நிகழ்ச்சியை அறிய முடிவது அதனால்தான்.

1497 ஜூலை 8-ஆம் நாள் லிஸ்பன் துறையிலிருந்து நான்கு கப்பல்கள் புறப்பட்டன. புறப்படுவதற்கு முந்தைய இரவு முழுவதும் காமாவும் உடன் செல்வோரும் ஆற்றங்கரையிலிருந்த மாதா ஆலயத்தில் கண்விழித்து வழிபட்டனர். பிறகு தெற்கு அட்லாண்டிக் பெருங்கடலில் மூன்று மாதங்களுக்கு மேல் நிலம் என்பதையே அவர்கள் காணவில்லை. உண்ணக் காய்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும். பச்சைக் காய்கனி ஒன்றும் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கிழக்குக் கரைக்கு வந்தபோது பலருக்குக் கைகால்கள் வீங்கின. ஈறுகள் பல்லை மூடும் அளவுக்குப் பருத்து உணவு கொள்ள இயலாமற் போயிற்று. உயிர்ச்சத்துக் குறைவால் வரும் நோய் அது. அன்று அதன் காரணத்தை அறிந்தவர் எவரும் இலர்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மாலிந்தித் துறையில் இந்தியாவிலிருந்து வந்த கப்பல்கள் நின்றன. அவற்றின் மாலுமிகளுக்குப் போர்ச்சுகீசியர் தங்கள் மாதாவின் படத்தைக் காட்ட, அவர்கள் கீழே விழுந்து வணங்கினார்கள். அவர்கள் எழுப்பிய கோஷம் போர்ச்சுகீசியரின் செவியில் ‘கிறிஸ்து’ என்று விழுந்தது. அது ‘கிருஷ்ணா’ என்பதாக இருக்க வேண்டும் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. முகம்மதியர் அல்லாத இந்தியர் அனைவரும் ஏதோ ஒரு வகைக் கிறிஸ்தவரே என்னும் எண்ணத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் அவர்கள். அந்த எண்ணம் இங்கே உறுதிப்பட்டுவிட்டது. மாலிந்தியில் கிடைத்த வழிகாட்டி ஒருவர் கப்பல்களை 23 நாட்களில் மலையாளக் கரை சேர்த்தார். தென்மேற்குப் பருவக்காற்றின் போக்கறிந்தவர்க்கு அது வழக்கமான பயணம்.

மே 20-ஆம் நாள் காப்பாட்டுக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சினார்கள். ஆயினும் காமா கரையில் கால் வைத்தது 28-ஆம் நாள்தான்; அதுவும் சற்று வடக்கே பந்தலாயினித் துறையில். அங்கிருந்து 13 பேருடன் பல்லக்கில் தெற்கு நோக்கிப் புறப்பட்டபோது வழியில் வந்த ஊரே காப்பாடு. அங்கே ஒரு பெரிய மனிதர் வீட்டில் தங்கினர். சோறும் நிறைய நெய்யும் வெந்த மீனும் பரிமாறினார்கள். உடன் வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். காமா மட்டும் ஒன்றும் உண்ணவில்லை. பிறகு இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி ஆற்றில் சிறிது தூரம் சென்று கரையேறினர். வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. கோழிக்கோட்டை நெருங்கியதும் அழைத்து வந்தவர்கள் அவர்களை ஒரு கோயிலுக்குக் கொண்டு சென்றார்கள்.

நாட்குறிப்பு எழுதியவர் தாம் பார்த்ததை ‘சர்ச்’ என்றே குறித்திருக்கிறார். ஆனால் கோயிலுக்குப் போய்ப் பழகிய எவருக்கும் அந்த வருணனையில் எது எது என்று உடனே விளங்கிவிடும். செதுக்கிய கல்லால் கட்டி ஓடு வேய்ந்த பெரிய கட்டடம். வாசலில் பாய்மரம் அளவு உயரமான வெண்கலத் தூண். அதன் உச்சியில் ஒரு பறவை. அவர் கண்ணுக்குச் சேவல் போலத் தெரிந்தது. கொடிமரத்தையும் அதன் மேலமைந்த வாகனத்தையும் கடலோடி ஒருவர் வேறு எப்படிச் சொல்ல முடியும்? நடுவே தனியாகக் கல்லால் ஆன சந்நிதி, ஏறிச் செல்லப் படிகள், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெண்கலக் கதவு. வாயிலருகே சுவரில் ஏழு மணிகள். பக்கத்தில் திருக்குளம். உள்ளே சிறிய விக்கிரகம் ஒன்று இருந்தது. அது மாதாவின் உருவம் என்று வந்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

கருவறைக்குள் அவர்களை விடவில்லை. குறிப்பிட்ட சில ஊழியர்கள் மட்டுமே நுழையலாம் என்பது இங்கே வழக்கம் என்று நாட்குறிப்பு சொல்கிறது. அந்த ஊழியர்கள் தோளின் குறுக்கே நூல் அணிந்திருந்தார்களாம். காமா வெளியே நின்று பிரார்த்தனை செய்தார். மற்றவர்களும் அவ்வாறே செய்தனர். சுவரில் தீட்டியிருந்த உருவங்களுக்குப் பற்கள் வெளியே நீண்டிருந்தன. நான்கு ஐந்து கைகளும் இருந்தன. அப்போதாவது ஐயம் எழுந்திருக்க வேண்டாமா? ஒருவருக்கு எழுந்தது என்று பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். காமாவின் அருகில் மண்டியிட்ட ஜோவான் டி சா என்பவர், இது பேயாக இருந்தாலும் தாம் வணங்குவது மெய்யான கடவுளையே என்று சொல்ல, காமா புன்னகை செய்தாராம்.

அர்ச்சகர்கள் அவர்கள்மீது தீர்த்தம் தெளித்தார்கள். வெண்ணிறமான பொடி ஒன்றையும் கொடுத்தார்கள். இவ்வூரார் அதை நெற்றியிலும் மார்பிலும் கழுத்திலும் கைகளிலும் பூசிக்கொள்வதை நாட்குறிப்பு கவனித்திருக்கிறது. காமா அதை வாங்கி, வைத்திருக்கும்படி உடன் வந்தவரிடம் கொடுத்து, பிறகு இட்டுக்கொள்வதாகச் சைகையால் உணர்த்தினார். அதன்பின் அந்தப் பிரசாதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

கோயிலின் பெயரையும் அவர் எழுதவில்லை. ஆகையால் இதுதான் அது என்று எந்தக் கோயிலையும் காட்டுவது முறையன்று.

அரண்மனையில் சாமூதிரி மன்னர் பச்சைப் பட்டு மெத்தையில் சாய்ந்து, பொன் எச்சிற்கலம் அருகிருக்கத் தாம்பூலம் தரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காணிக்கையாகக் காமா எடுத்து வைத்தவை: 12 கோடிட்ட துணிகள், 4 சிவப்புத் தலைமூடிகள், 6 தொப்பிகள், 4 பவளச் சரங்கள், கைகழுவும் கிண்ணங்கள் 6, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெய் இரண்டு பீப்பாய், தேன் இரண்டு பீப்பாய். பட்டியலைப் பார்த்த அரண்மனை அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் தருவான், அரசருக்குப் பொன் அல்லவா கொடுக்க வேண்டும் என்றார்கள். சர்க்கரை விளையும் நாட்டு மன்னருக்கு ஒரு பெட்டிச் சர்க்கரை! ஆயினும் மன்னர் போர்ச்சுகல் அரசருக்கு ஓலை எழுதிக் கொடுத்தார். தம் நாட்டில் இலவங்கம், கிராம்பு, சுக்கு, மிளகு, மணிகள் உண்டு. பதிலுக்குப் பொன், வெள்ளி, பவளம், சிவப்புத் துணி அனுப்புக என்பது அதன் சாரம்.

ஆகஸ்டு 29-ஆம் நாள் காமா புறப்பட்டார். காற்று இன்னும் திரும்பவில்லை. 23 நாட்களில் கடந்த அதே கடலைக் கடக்க இப்போது ஏறத்தாழ மூன்று மாதமாயிற்று. 30 பேர் அந்தக் கடலிலேயே மாண்டனர். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யத் தெம்புள்ளவர் ஏழெட்டுப் பேரே எஞ்சினர். ஆளில்லாமல் ஒரு கப்பலை ஆப்பிரிக்கக் கரையில் தாங்களே எரித்தார்கள். காமாவின் அண்ணன் பாவ்லோ தாய்நாட்டைக் காணாமலே வழியில் ஒரு தீவில் உயிர்விட்டார்.

1502-இல் காமா மீண்டும் வந்தார். இம்முறை கையில் இருந்தவை பீரங்கிகள். மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய கப்பல் ஒன்றைப் பிடித்து, பெண்களும் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான பயணிகளோடு அதை எரித்தார். முகம்மதிய வணிகர்களை ஊரைவிட்டு வெளியேற்று என்று சாமூதிரிக்கு ஆணை அனுப்பினார். மன்னர் இணங்கவில்லை. தலைமுறைகளாகத் தம்மை நம்பி வாழ்ந்தவர்களை விரட்ட மறுத்ததற்காக அவருடைய நகரம் குண்டுமாரியைத் தாங்கிற்று. பிடிபட்ட மீனவர்களைக் கப்பற் பாய்மரங்களில் தூக்கிலிட்டு, உறுப்புகளை வெட்டிக் கரைக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் தீர்த்தம் தெளித்து வரவேற்ற ஊர் அது. அதன்பின் சாமூதிரியின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரைக்காயர்கள் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் போர்ச்சுகீசியரை எதிர்த்துப் போராடினர். காமா 1524-இல் மூன்றாம் முறை வந்து, கொச்சியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இறந்தார்.

சாமூதிரிகளின் கோழிக்கோட்டைக் காண விரும்புவோர் காப்பாட்டோடு நின்றுவிடாமல், நகருக்குள் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தளி மகாதேவர் கோயிலுக்குச் செல்ல வேண்டும். துலா மாத ரேவதியில் இங்கே கூடும் பட்டத்தானம் என்னும் வித்வத் சபை புகழ்பெற்றது. வாதத்தில் வென்றவர்க்கு மன்னர் பணக்கிழி அளிப்பார். காமா வருவதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன், காஞ்சியை அடுத்த தொண்டைநாட்டிலிருந்து வந்த உத்தண்ட சாஸ்திரிகள் இச்சபையில் பெரும்புகழ் பெற்றார். சாமூதிரி அவையின் கவிகளைப் பதினெட்டரை என்று எண்ணுவார்கள். மலையாளத்தில் பாடிய புனம் நம்பூதிரிக்கு அரைக் கவி என்னும் பட்டம்தான் கிடைத்தது! குருவாயூரில் இன்றும் ஆடப்படும் கிருஷ்ணாட்டத்துக்கான நூலை 17-ஆம் நூற்றாண்டில் இயற்றியவரும் மானவேதன் என்னும் சாமூதிரியே.

ரேவதிப் பட்டத்தானம் இப்போதும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஐப்பசியில் குருவாயூர் செல்லும் அன்பர்கள் அந்த நாளை விசாரித்துக்கொண்டு கிளம்பினால் தளியையும் தரிசித்து வரலாம். ஆடவர் மேற்சட்டையின்றி வேட்டியுடன் செல்ல வேண்டும்.