காட்டுப்பள்ளி மணலுக்கு ஒரு காகிதச் சாட்சி!

காட்டுப்பள்ளி, பழவேற்காடு கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்தால் ராவணன் மீசை காலைக் குத்தும். மணல்மேட்டில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும். கழிமுகச் சேற்றில் உமிரி, அலையாத்தி. மீனவக் குடும்பங்களுக்கு இவையெல்லாம் பெயர் சொல்லி அழைக்கிற செடிகள். ஆனால், இவை இங்கே முளைத்தன என்று 100 வருடம் கழித்து யார் சாட்சி சொல்வார்கள்?

அந்த வேலையைச் செய்வதுதான் ஹெர்பேரியம். உலர்ந்த செடிகளின் நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூவோடும் காயோடும் ஒரு கிளையைப் பறித்து, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். ஈரம் போகும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். காய்ந்ததும் பூச்சி அரிக்காதபடி பக்குவப்படுத்தி, தடித்த தாளில் ஒட்டி, மூலையில் ஒரு லேபிள் வைப்பார்கள். செடியின் பெயர், ஊர், தேதி, பறித்தவர் யார் என எல்லாம் அதில் இருக்கும். லேபிள் இல்லாவிட்டால் அது வெறும் சருகு!

16-ம் நூற்றாண்டில் இத்தாலியப் பேராசிரியர் லூக்கா கினி மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிய முறை இது. தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு முக்கிய இடம் தரங்கம்பாடி. 1768-ல் அங்கே வந்த கோனிக், தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர். 1776-ல் வந்த ராட்லர் ஒரு பாதிரியார். ஊர் ஊராகச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். தமிழ் - ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவரும் இவரே. ஒரு கையில் செடி, மறு கையில் சொல்!

ராட்லரின் தொகுப்பு இன்று இருப்பது லண்டன் கியூ தோட்டத்தில். நம் மண்ணில் பறித்ததைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டிய நிலைமை.

நல்லவேளை, எல்லாமே கடல் தாண்டிவிடவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது மெட்ராஸ் ஹெர்பேரியம். பெயரில் மெட்ராஸ், இருப்பது கோவையில். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. பழைய சென்னை மாகாணத்தின் செடிகளைப் பட்டியலிட்டு கேம்பிளும் ஃபிஷரும் எழுதிய பெருநூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கியவர் அருட்தந்தை கே.எம்.மேத்யூ. தமிழகச் சமவெளிச் செடிகளையும் பழநி மலைச் செடிகளையும் தொகுதி தொகுதியாக ஆவணப்படுத்திவிட்டுப் போனவர் அவர்.

‘காய்ந்த இலையால் என்ன லாபம்?’ என்று கேட்கலாம். அமெரிக்காவின் பாஸ்டனில் பழைய ஹெர்பேரியத் தாள்களின் தேதிகளை இப்போதைய பூக்கும் காலத்தோடு ஒப்பிட்டார்கள். 100 வருடத்தில் செடிகள் சராசரியாக 8 நாள் முன்கூட்டியே பூக்கத் தொடங்கியிருந்தன. பூமி சூடாவதற்கு அந்தப் பழைய லேபிள்களே ஆதாரம் ஆயின.

இந்த இடத்தில்தான் காட்டுப்பள்ளி ஞாபகத்துக்கு வருகிறது. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்த கரை இது. துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவ கிராமங்கள் எதிர்த்து வருகின்றன. நாளை ஒரு மணல்மேட்டைக் காட்டி, ‘இது எப்போதுமே சும்மா கிடந்த பொட்டல்தான்’ என்று யாராவது சொன்னால், ‘இல்லை’ என்று மறுக்க ஊரும் தேதியும் எழுதிய ஒரு தாள் போதும்.

ஆனால், தாளிலும் ஒரு குறை உண்டு. லத்தீன் பெயர் தவறாமல் இருக்கும். ‘உமிரி’ என்ற பெயரும், அதை எப்போது பறிக்கலாம், எப்படிச் சமைக்கலாம் என்பதும் பெரும்பாலும் இருக்காது. அது கரையோரத்துப் பாட்டிகளிடம்தான் இருக்கிறது. பாட்டிக்குப் பிறகு அந்தச் சொல்லை எடுத்துவைக்க அலமாரி கிடையாது.

உங்கள் கையில் இருக்கும் போனில் ஒரு செடியைப் படம் எடுங்கள். ஊர், தேதி, வீட்டில் சொல்லும் பெயர் மூன்றையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஹெர்பேரியத் தாளுக்கு அது ஈடாகாது. ஆனால், அந்தத் தாளில் விடுபட்ட வரி அதுதான்.