பேட்ஜ் பின்னும் டெல்லி விமானமும்

கொஞ்சம் நீளமான இழை. டீ குடிச்சிக்கிட்டே பொறுமையா படிங்க. முடிஞ்சா பேப்பர் கப்ல வேண்டாம், டம்ளர்ல குடிங்க.

நான் கடலூர் பக்கம் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு திங்கட்கிழமை காலை. ஓ.பி. நிரம்பி வழியுது. வரிசையில ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா. கட்டை விரல்ல கிழிஞ்ச துணி சுத்தியிருந்தாங்க. டி.டி. ஊசி போடணும்னாங்க.

"என்னக்கா குத்துச்சு?"

"பின்னு சார். நேத்து ராத்திரி மண்டபத்துல குப்பை அள்ளும்போது. ஏதோ பேரு போட்ட அட்டையில மாட்டியிருந்துச்சு."

எந்த மண்டபம்னு கேட்டேன். சொன்னாங்க. எனக்கு முகம் மாறிடுச்சு.

முந்தின நாள் அங்க நடந்தது எங்க மாநாடு. அந்த பேட்ஜை ஆர்டர் பண்ணது நான்தான். பின் வெச்சா விலை குறைவு, கயிறு வெச்சா கொஞ்சம் கூடன்னு கடைக்காரர் சொன்னப்போ, "பின்னே போதும்"னு சொன்னதும் நான்தான்.

ஒண்ணும் பேசாம ஊசி எழுதிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது அவங்க சொன்னாங்க: "டாக்டருங்க மீட்டிங்காம் சார். இவ்ளோ படிச்சவங்க, பின்னைக் கழட்டித் தனியா போட மாட்டாங்களா?"

அன்னிக்கு அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

இதுல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. மாநாட்டோட தலைப்பு 'வெப்ப அலையும் உடல்நலமும்'. வெயில்ல வேலை செய்யறவங்களை எப்படிக் காப்பாத்தறதுன்னு பேசினோம். பேசின அரங்கத்துல ஏ.சி. 18 டிகிரி. பின்வரிசையில ரெண்டு மேடம் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வெளியில அந்த அக்கா வெயில்ல மூட்டை கட்டிக்கிட்டு இருந்தாங்க.

அந்த மூட்டையில என்ன இருந்ததுன்னு பின்னாடி யோசிச்சுப் பார்த்தேன். பாதி குடிச்ச தண்ணி பாட்டில். பஃபேல அள்ளி வெச்சு மிச்சம் விட்ட பிரியாணி. யாரும் திறக்காத ஃபைல், பேனா, ரெக்சின் பை. வாசல்ல கட்டின ஃபிளெக்ஸ். ஒருநாள் பேச்சுக்கு ஒரு வண்டி குப்பை.

அடுத்த வருஷமும் ஏற்பாட்டுக் குழுவுல என்னைப் போட்டாங்க. இந்தத் தடவை 'பசுமை மாநாடு' நடத்தணும்னு ரோஷமா சொல்லிட்டேன். "சரி தம்பி, பாட்டிலை நிறுத்திடலாம், வர்றவங்களுக்கு ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்துடலாம்"னாங்க சீனியர்கள். நானும் அதுதான் வழின்னு நினைச்சேன்.

அப்புறம் ஒருநாள் நைட் டூட்டியில ஒரு துண்டுச் சீட்டுல கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க. எல்லாமே தோராயம்தான்.

அரை லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணைத் தயாரிச்சுக் கொண்டு வந்து சேர்க்க 100 கிராம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடுன்னு வெச்சுக்குவோம். 200 பேர், ஆளுக்கு 3 பாட்டில். மொத்தம் 60 கிலோ.

டெல்லியில இருந்து ஒரு சிறப்புப் பேச்சாளரை வரவழைச்சோம். டெல்லி - சென்னை விமானத்துல போக வர கிட்டத்தட்ட 3500 கிலோமீட்டர். அவர் ஒருத்தர் பங்குக்கு மட்டும் 300 கிலோவுக்கு மேல.

விமான நிலையத்துல இருந்து கடலூருக்குக் கூட்டிட்டு வரவும் கொண்டு போய் விடவும் தனி டாக்சி. ஒரு தடவை காலியா போகுது, ஒரு தடவை காலியா வருது. அதுலயே 100 கிலோ தாண்டும்.

அதாவது 200 பேர் குடிச்ச அத்தனை பாட்டிலையும் விட ஒருத்தரோட டாக்சி அதிகம். அவரோட விமானம் பாட்டில்களைப் போல 5 மடங்கு. ஆளுக்கொரு காரா சென்னையில இருந்தும் திருச்சியில இருந்தும் வந்தவங்களை நான் இன்னும் சேர்க்கவே இல்ல.

நாங்க மட்டும் இப்படி இல்ல. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தோட 2019 மாநாட்டைப் பத்தி 2020-ல் 'நேச்சர்' இதழ்ல ஒரு கணக்கு வந்தது. சுமார் 28,000 பேர் வந்தாங்க. பயணத்தால மட்டும் ஏறத்தாழ 80,000 டன். ஆளுக்கு 3 டன் பக்கம். ஒரு சராசரி இந்தியர் ஒரு வருஷம் முழுக்க வெளியிடறது சுமார் 2 டன். பருவநிலை மாற்றத்தை ஆராயற விஞ்ஞானிகளே கூடற மாநாடு அது!

உடனே "அப்போ பாட்டில் பரவாயில்லையா டாக்டர்?"னு கேட்டுடாதீங்க. இங்கதான் நாம குழப்பிக்கறோம். குப்பைக் கணக்கு வேற, புகைக் கணக்கு வேற. பாட்டிலும் ஃபிளெக்ஸும் நம்ம ஊர் வாய்க்காலை அடைக்கும். ஃபிளெக்ஸ் பெரும்பாலும் பி.வி.சி. அதைக் கொளுத்தினா டையாக்சின் மாதிரி நச்சு வரும். குப்பை அள்ளறவங்க கையைக் கிழிக்கறதும் அதுதான். விமானப் புகை நம்ம கண்ணுக்கே தெரியாம மேல போய் சேரும். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. ஒண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துட்டு 'பசுமை'ன்னு போர்டு மாட்டக் கூடாது.

உண்மையைச் சொல்லிடறேன். நானும் யோக்கியன் இல்ல. சில வருஷம் முன்னாடி டெல்லிக்கு விமானத்துல போய், 8 நிமிஷம் ஒரு ஆய்வுக் கட்டுரை வாசிச்சுட்டு வந்தேன். கேட்டவங்க 14 பேர். அதுல ரெண்டு பேர் எனக்கு அடுத்து பேச வேண்டியவங்க.

ஆனா அந்தப் பயணம் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத்தான் தெரியும். மாவட்டத்துல வேலை பார்க்கிற டாக்டருக்கு மாநாடுன்னா பொழுதுபோக்கு இல்ல. புதுசா என்ன வந்திருக்குன்னு கத்துக்கற இடம். சந்தேகம் கேட்க ஒரு சீனியரோட ஃபோன் நம்பர் கிடைக்கற இடம். விதிப்படி 5 வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி முடிக்கணும். அதனால 'மாநாடே வேண்டாம்'னு பெரிய ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு சொல்றது சுலபம். காட்டுமன்னார்கோவில் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல தனியா டூட்டி பார்க்கிறவர்கிட்ட அதைச் சொல்ல முடியாது.

அவரால எங்க போன மாநாட்டுக்கு வரவே முடியல. காரணம், டூட்டிக்கு மாத்து ஆள் இல்ல.

இதை யோசிச்சப்போதான் வழி புலப்பட்டது. ஆளுங்களை ஒரே இடத்துக்கு இழுக்கறதுக்குப் பதிலா, மாநாட்டை ஆளுங்க பக்கத்துல கொண்டு போகலாமே?

இதெல்லாம் நடக்கற காரியமான்னு சிலர் கேட்டாங்க. பக்கத்துல கேரளாவுல 2015 தேசிய விளையாட்டுப் போட்டியையே 'பசுமை நெறிமுறை'ன்னு விதி வெச்சு, ஒருமுறை தூக்கிப் போடற பொருளைத் தவிர்த்து நடத்தினாங்க. நம்ம தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல் இருந்து ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல், கைப்பை எல்லாத்துக்கும் தடை. உள்ளே பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் அந்தப் பட்டியல்ல உண்டு. 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. நாங்க புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. இருக்கிற விதியை ஒழுங்கா கடைப்பிடிச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

நாங்க செஞ்சது இதுதான்:

1. கடலூர்ல ஒரு அரங்கம், சிதம்பரத்துல ஒரு அரங்கம். நடுவுல 45 கிலோமீட்டர். ரெண்டையும் வீடியோவுல இணைச்சோம். யாருக்கு எது பக்கமோ அங்க போகலாம். டெல்லி பேச்சாளர் அவர் அறையில இருந்தே பேசினார். டூட்டியில இருந்தவங்க ஃபோன்ல கேட்டாங்க.

2. சிதம்பரம் மாநாட்டுக்குப் புதுசான ஊர் இல்ல. 1929-ல் இருந்து பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். ரயில் வசதியும் உண்டு. ஆனா காலை 9 மணிக்குத் தொடங்கினா சென்னைக்காரங்க கார்லதான் வர முடியும். அதனால மதியம் தொடங்கினோம். காலையில எழும்பூர்ல சோழன் எக்ஸ்பிரஸ் பிடிச்சா மதியச் சாப்பாட்டுக்கு சிதம்பரம். திரும்பிப் போக ராத்திரி ரயில் இருக்கு. நேரத்தை மாத்தினதுக்கு எங்களுக்கு ஒரு பைசா செலவில்ல.

3. பஃபே கிடையாது. பந்தி. வாழை இலை, எவர்சில்வர் டம்ளர், கேட்டுப் பரிமாறுதல். வருவீங்களா, சாப்பிடுவீங்களான்னு முன்கூட்டியே கேட்டுப் பட்டியல் எடுத்தோம். மிச்ச சோறு குப்பை மேட்டுல அழுகினா மீத்தேன் வரும். 100 வருஷக் கணக்குல அது கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 28 மடங்கு சூடேத்தும்.

4. ஏ.சி. 24 டிகிரி. ஒவ்வொரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி திறன் அமைப்பே சொல்லுது. போர்த்திக்க யாருக்கும் புடவைத் தலைப்பு தேவைப்படல.

5. பை, ஃபைல், நினைவுப் பரிசு, ஃபிளெக்ஸ் எதுவும் இல்ல. பேட்ஜ்? துணிக் கயிறுல அட்டை. போகும்போது வாசல் பெட்டியில போட்டுட்டுப் போகணும். பின் இல்ல.

எல்லாம் நல்லபடியா நடந்ததுன்னு சொன்னா பொய். நடுவுல இணைப்பு அறுந்து 20 நிமிஷம் கடலூர் அரங்கம் வெறும் திரையைப் பார்த்துட்டு இருந்தது. பேனர் இல்லன்னதும் ஒரு ஸ்பான்சர் விலகினார். பையும் டிக்கெட்டும் மிச்சமானதால தப்பிச்சோம். "ஒரு பொன்னாடைக்குக் கூட வழியில்லையா?"ன்னு ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். திரையில பார்த்தவங்களுக்கு டீ நேரத்துப் பேச்சு கிடைக்கல. அந்த இழப்பு நிஜம். அதனாலதான் நேர்ல கூடறதை முழுசா நிறுத்தல, தூரத்தை மட்டும் குறைச்சோம்.

ஆனா காட்டுமன்னார்கோவில் பக்கத்து டாக்டர் வந்தார். மதியத்துக்கு மேல 2 மணி நேரம் மட்டும் கிடைச்சது, வந்தார். எழுந்து கேள்வியும் கேட்டார். எங்க மாநாட்டுல கேட்கப்பட்ட நல்ல கேள்வி அதுதான்.

மரக்கன்று என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கொடுக்கல. அதுக்கும் காரணம் உண்டு.

சிதம்பரம் பக்கத்துல பிச்சாவரம் இருக்கு. படகுல போயிருப்பீங்க. அந்த அலையாத்திக் காட்டுல ஒரு காலத்துல மரங்களை மொத்தமா வெட்டின இடங்கள்ல தரை காய்ஞ்சு, பள்ளமாகி, உள்ளே வந்த கடல் தண்ணி வெளியேற முடியாம தேங்கி, உப்பு ஏறிப்போச்சு. அங்க மரம் திரும்ப முளைக்கவே இல்ல. 1990-கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோட சேர்ந்து மீன்முள் வடிவத்துல கால்வாய் வெட்டினாங்க. அலைத் தண்ணி வந்து போக வழி பிறந்தது. உப்பு குறைஞ்சது. அதுக்கப்புறம் நட்ட கன்றுதான் காடாச்சு.

முதல்ல தண்ணிக்கு வழி, அப்புறம்தான் கன்று. விமானத்தையும் காரையும் அப்படியே விட்டுட்டு கையில ஒரு கன்று கொடுக்கறது, வழி அடைச்ச பள்ளத்துல நடற மாதிரி.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தீவிரமா சொல்றேன்னா, எங்க மாவட்டம் அப்படி. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் எங்க கரையைத்தான் கடந்தது. பண்ருட்டி பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோட சாய்ஞ்சது. 2015 வெள்ளத்துல கடலூர் மிதந்தது. ஒவ்வொரு தடவையும் வெள்ளம் வடிஞ்சதும் எங்க ஓ.பி.க்கு வயித்துப்போக்கும் எலிக்காய்ச்சலும் வரும். வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க வாழ்நாள்ல விமானம் ஏறினதே இல்ல.

நீங்க டாக்டரா இல்லாம இருக்கலாம். ஆனா உங்க வீட்டுலயும் கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, சங்கக் கூட்டம் நடக்கும். நடத்தறதுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க. வர்றவங்க எதுல வருவாங்க, அதை நம்மால மாத்த முடியுமா? எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு நிஜமா கேட்டோமா? எல்லாம் முடிஞ்சு ராத்திரி இதை யார் அள்ளுவாங்க?

மாநாடு முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி கடலூர் அரங்கத்துல குப்பை எடுக்க வந்தவங்கள்ல அந்த அக்காவும் இருந்ததா நண்பர் சொன்னார். "இவ்ளோதானா சார்?"னு கேட்டாங்களாம். கட்டின மூட்டை மூணு.

மூணு மூட்டையும் அதிகம்தான். அடுத்த வருஷம் பார்ப்போம்.

உங்க ஊர் விசேஷத்துல இப்படி ஏதாவது செஞ்சிருந்தா கீழ சொல்லுங்க. எங்களுக்கும் உதவும்.