பொங்கல் சோறும் எங்கள் செவலைக் காளையும்



மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், மாடு விடும் விழாவுக்கு வளர்த்த காளை ராத்திரியிலிருந்து அசை போடல. இடது பக்கம் வயிறு உப்பியிருக்கு."

"பொங்கல் எவ்வளவு வெச்சீங்க?" என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. "வீட்டுல எல்லாரும் ஆளுக்கு ஒரு தட்டு கொடுத்துட்டாங்க சார்." உடனே கால்நடை மருத்துவரை அழைக்கச் சொன்னேன்.

அதைக் கேட்க எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு செவலைக் காளை இருந்தது. தெருவில் அது முதலாவதாக ஓட வேண்டும் என்ற ஆசையில், அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு குண்டான் சோற்றில் வெல்லம் பிசைந்து ஊட்டினேன். மறுநாள் அது எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் இறந்துவிட்டது. "யார் கண்ணு பட்டுதோ" என்றார் அப்பா. அந்தச் சோற்றைப் பற்றி அவரிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். முதல் அறை பெரிய மாட்டில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைத்து மாட்டுக்குச் சத்தாக்குகின்றன. தட்டையை மென்று அசை போடும்போது ஊறும் உமிழ்நீர்தான் அங்கே உண்டாகும் அமிலத்தை மட்டுப்படுத்துகிறது. அரிசிச் சோற்றை மெல்ல வேண்டியதில்லை. உமிழ்நீர் குறைகிறது. சோற்றின் மாவுச்சத்தும் வெல்லமும் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகின்றன. நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. மாடு தள்ளாடிப் படுத்துவிடுகிறது.

காளையின் ஓட்டம் ஒரு நாள் தீனியில் வருவதில்லை. கேழ்வரகுத் தாள், சோளத்தட்டு, வேர்க்கடலைக் கொடி என்று வயிறு நிறைய நார்த்தீனி முதலில் வேண்டும். அதன் மேல்தான் கொள்ளு, பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு எல்லாம். கூடவே தாது உப்பும் எந்நேரமும் தண்ணீரும். புதிய தீனியைக் கைப்பிடியில் தொடங்கி, 10 முதல் 14 நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பழகுவதற்கு அவ்வளவு நாள் பிடிக்கும். விழாவுக்கு முந்தின நாள் புதிதாக எதையும் கொடுக்காதீர்கள்.

தவறிப்போய் அதிகம் தின்றுவிட்டால் தானியம், சோறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிரை எடுத்துவிடும்.

மாணவரின் காளைக்கு மருத்துவர் நேரத்தோடு வந்து சேர்ந்தார். நான்காம் நாள் மாலை மறுபடி போன். "சார், அசை போடுது சார்!" இந்த வருடம் அது தெருவில் ஓடவில்லை. கொட்டகையில் நிற்கிறது, அது போதும்.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்குக் காளையின் வாயில் சாஸ்திரத்துக்கு ஒரு கைப்பிடி வையுங்கள். மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், நாட்றம்பள்ளி