மூட்டுக்குள் சீழ்

மூட்டு வலியில் யாரும் சாவதில்லை என்பது நம் வயதுக்காரர்களின் நம்பிக்கை. வலிக்கும், நொண்ட வைக்கும், மாடிப்படியை மறக்கச் செய்யும், அவ்வளவுதான் என்பார்கள். என் மனைவியின் மூத்த அண்ணன் அதில்தான் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 74.

இருபது வருடச் சர்க்கரை. முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை வலது முழங்கால் வீங்கியது, தொட்டால் சுட்டது. "பழைய வாதம்தான் மாப்பிள்ளை" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டார். காய்ச்சல் இல்லை, அதனால் பயமும் இல்லை. ஞாயிறன்று இடது முழங்கையும் வீங்கியது. திங்கள் காலையில் என்னைப் பார்த்து, என்றோ இறந்துபோன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "வயலுக்குத் தண்ணி பாய்ச்சியாச்சா?" என்று கேட்டார். உடனே ஆம்புலன்ஸ் வரவழைத்தோம்.

ஆஸ்பத்திரியில் முழங்காலில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர், மோர் போலக் கலங்கி வந்தது. உள்ளே இருந்தது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதுவாகக் குடியிருப்பதுதான். காலில் ஆறாமல் இருந்த புண் வழியாக ரத்தத்தில் கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். மூட்டைக் கழுவினார்கள், நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள், சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, போய்விட்டார்.

அங்கிருந்த இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். சிகிச்சை கொடுத்தும் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறக்கிற நோயாம் இது. பிறகு நானே தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ஒரு மாவட்டத்தில் 1982 முதல் 1991 வரை வந்த நோயாளிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். இறந்தவர்களிடம் அதிகம் காணப்பட்டவை: 65 வயதைத் தாண்டியிருப்பது, வரும்போதே புத்தி தடுமாறியிருப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டில் சீழ் பிடித்திருப்பது, முழங்கை பாதிக்கப்பட்டிருப்பது. மச்சானுக்கு நான்கும் இருந்தன. அந்தப் பக்கத்தை மனைவியிடம் காட்டவில்லை.

காய்ச்சல் இல்லாததுதான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றியது. வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே போகலாம். ஸ்டீராய்டு வேறு அதை அமுக்கிவிடும். மூட்டின் குருத்தெலும்போ சில நாட்களிலேயே அரிக்கப்பட்டுவிடும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, செயற்கை மூட்டு உள்ளவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றும் வாய்ப்பு இன்னும் அதிகம். நம் தெருவிலேயே முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டுப் போனால், எடுக்கிற நீரில் கிருமி அகப்படாமல் போகலாம்.

போன மாசியில் மச்சானின் மனைவிக்குக் கணுக்கால் வீங்கியது. யாருக்கும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். ஊசியில் எடுத்த நீரில் கிருமி இல்லை, யூரிக் அமிலப் படிகங்கள்தான். மாத்திரையோடு சாயங்காலமே வீடு திரும்பினார்.