ரிலீஃப்

முதலாண்டு ஒர்க்‌ஷாப் வைவாவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "வாட் இஸ் ரிலீஃப்?" என்று கேட்டார்கள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த எனக்குத் தெரிந்ததெல்லாம் புயல் ரிலீஃப் ஃபண்டுதான். அதையே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது லேத் டூலின் ரிலீஃப் ஆங்கிள்! ரிசல்ட் வந்தபோது அந்தப் பேப்பரில் அரியர். 'இந்த இங்கிலீஷும் படிப்பும் நமக்கு ஒத்து வராது' என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டேன்.

அப்பாவுக்கு அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிற வேலை. என்னைத் திட்டவில்லை. "வா, சும்மா போயிட்டு வருவோம்" என்று நார்த்தாமலைக்குக் கூட்டிப் போனார். மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்கு எதிரே ஒரு குடைவரைக் கோயில். உள்ளே சுவரில் ஆளுயரத்துக்கு 12 திருமால் உருவங்கள். வெளியூர்க்காரர்களைக் கூட்டி வந்த ஒருவர், "இதெல்லாம் ரிலீஃப்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கேயுமா!

"உருவத்தை எப்படிப்பா இவ்வளவு தூரம் வெளியே கொண்டு வந்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரு கொண்டு வந்தா? அது இருந்த இடத்துலதான் தம்பி இருக்கு. சுத்தி இருந்த கல்லைக் கொத்தி எடுத்துட்டாங்க. அதான் எழும்பித் தெரியுது."

திரும்பி வந்ததும் நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'லெவிஸ்' என்றால் கனமில்லாதது. அதிலிருந்து வந்த 'ரெலெவாரே' என்றால் தூக்குவது, பாரத்தைக் குறைப்பது. துன்பத்தின் பாரத்தைக் குறைக்கும் ரிலீஃப், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது. இத்தாலியச் சிற்பிகள் தளத்திலிருந்து எழும்பி நிற்கும் சிற்பத்தை 'ரிலியேவோ' என்றார்கள். அதுவும் பிரெஞ்சில் ரிலீஃப் ஆகி, 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. தமிழில் நாம் அழகாகப் புடைப்புச் சிற்பம் என்கிறோம். நம்ம மெக்கானிக்ஸ் பாடத்து லீவர்கூட இந்தக் குடும்பம்தான்!

ஆக, புயல் நிதியும் நார்த்தாமலைச் சிற்பமும் ஒரே சொல். நான் சொன்னது முழுத் தப்பில்லை! டூலிலும் அதே கதைதான். வெட்டும் விளிம்புக்குக் கீழே இருக்கும் உலோகத்தைச் சாணை பிடித்துக் கழித்தால்தான், டூலின் பக்கம் ஜாபில் உரசாது. விளிம்பு மட்டும் வெட்டும். அப்பா உளியால் செய்வதை நாம் கிரைண்டரில் செய்கிறோம்.

ஜூனியர் தம்பி தங்கைகளே, இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டு ஓடாதீர்கள். சுற்றியிருக்கும் பயத்தைக் கொத்தி எடுங்கள், அர்த்தம் தானே எழும்பும். அரியர் என்ற சொல்லும் பிரெஞ்சு வழி வந்ததுதான். 'பின்னால்' என்று பொருள். அடுத்த தேர்வில் அதைப் பின்னாலேயே விட்டுவிட்டேன்.

பாஸ் என்று சொன்னதும் அப்பா ஒரு பெருமூச்சு விட்டாரே, அதுதான் அசல் ரிலீஃப்!